கம்பியில்லாத் தொலைபேசி குறித்து நான் உரைத்த கருத்து

எங்கள் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் நடுவே ஓர் இடவழி உண்டு. மாட்டுவண்டி ஒன்று போனால், எதிரே வருபவர் வேலியோடு ஒட்டி நிற்க வேண்டிய அகலம். அந்த இடவழியே கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லை. எங்கள் தொலைபேசி பாறசாலை இணைப்பகத்தைச் சேர்ந்தது. அவர்களுடையது அப்பக்கத்து இணைப்பகத்தைச் சேர்ந்தது. அவர்கள் பலாமரத்துச் சருகு எங்கள் முற்றத்தில் வந்து விழும். ஆயினும் அவ்வீட்டைத் தொலைபேசியில் அழைப்பதென்றால் அது வெளிமாநில அழைப்பு; கட்டணம் கூடுதல். ஆகவே எங்கள் வழியில் எவரும் எதிர்வீட்டாரைத் தொலைபேசியில் அழைப்பதில்லை; வேலியருகே நின்று கூப்பிடுவதே வழக்கம். இவ்வழக்கம் மட்டும் இல்லாதிருந்தால், நான் சொல்லப்போகும் பழுது முதல் நாளிலேயே இரு வீட்டாருக்கும் தெரிந்திருக்கும்.

தமிழாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்று, மனைவியையும் இழந்து, அவ்வீட்டில் நான் தனியே இருந்த காலம் அது. தொண்ணூறுகளின் பிற்பகுதி. மகன் பெங்களூரில் கணினிப் பணியில் இருந்தான். மாலையானால் ஊர் வாசகசாலைக்குச் செல்வேன். மலையாள நாளிதழ்களும் தமிழ் நாளிதழ் ஒன்றும் அங்கே வரும். புதுக் கருவிகளையும் இணைய நிறுவனங்களையும் பற்றி இதழ்கள் வாரந்தோறும் ஒரு பக்கம் எழுதத் தொடங்கியிருந்தன. அப்பக்கத்தை ஒருவர் உரக்க வாசிப்பார். வாசித்து முடித்ததும் எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பும். இரு மொழியும் படிப்பவன். மகன் கணினியில் இருக்கிறான். கருத்துரைக்க இவ்விரு தகுதிகளே போதுமென்று அவர்களும் எண்ணினார்கள், நானும் எண்ணினேன்.

“சாரே, காசு வாங்காம கம்ப்யூட்டர் வழியா கடுதாசி கொண்டு குடுப்பானாம் அமெரிக்காக்காரன். பின்ன அவன் எப்பிடி கஞ்சி குடிப்பான்?” என்று கேட்பார் உரக்கடைக்காரர். அவர் வீடு என் வீட்டுக்குப் பின்புறம்; ஏறத்தாழ என் வயது.

“கட்டணம் பெறாத நிறுவனம் நெடுநாள் நிலைக்காது. இரண்டு ஆண்டுகளில் கதவடைப்பார்கள்” என்பேன்.

“கேட்டியளா? சாரு பூட்டியாச்சு!” என்று அவர் கை தட்டுவார்.

கடையே இல்லாமல் நூல் விற்கும் நிறுவனம் ஒன்றைப் பற்றி வாசித்தபோது, தொட்டுப் புரட்டாமல் நூல் வாங்குபவன் படிப்பாளியாக இருக்க இயலாது என்றேன். அழைப்பவனும் அழைக்கப்படுபவனும் சேர்ந்து பணம் கட்ட வேண்டிய செல்போன், வணிகர்களின் சட்டைப்பையைத் தாண்டி வராது என்றேன். எல்லாம் பிழையாயின. அவற்றால் ஒருவருக்கும் கேடில்லை. அமெரிக்க நிறுவனம் எதுவும் என் சொல்லைக் கேட்டுக் கதவைத் திறக்கவுமில்லை, அடைக்கவுமில்லை.

எதிர்வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை பார்த்தார். பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். அவர் மகளுக்குப் பள்ளிக் காலத்தில் நான் தமிழ் சொல்லிக் கொடுத்திருந்தேன். அந்த நன்றியை நினைத்து, விடுமுறையில் வந்தபோது கம்பியில்லாத் தொலைபேசி இரண்டு கொண்டுவந்தார்: ஒன்று தம் வீட்டுக்கு, ஒன்று எனக்கு. இரண்டும் ஒரே கடையில் ஒரே அடுக்கிலிருந்து எடுத்தவை. பேசும் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு கிணற்றடி வரை நடந்தபடியே பேசலாம். நான் அதை வாசகசாலைக்கே எடுத்துச் சென்று காட்டினேன். அங்கே அது ஒலிக்காது என்பது தெரிந்தும் எடுத்துச் சென்றேன்.

உரக்கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கொள்ளாம், நல்ல சாதனம். ஆனா சாரே, காத்துல போற பேச்ச வேற ஆரும் கேக்க மாட்டானா?”

“ஒட்டுக்கேட்பவன் கம்பியில்தானே கொக்கி மாட்ட வேண்டும்? கம்பியே இல்லாத இடத்தில் கொக்கியை எங்கே மாட்டுவான்? இதுவரை வந்த தொலைபேசிகளுள் இதுவே பாதுகாப்பானது” என்றேன்.

 மறுநாளே அக்கருத்து இடவழியைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கொண்டு சேர்த்தவர் உரக்கடைக்காரர். அவ்வீட்டுக்கு அவர் அடிக்கடி போய்வரக் காரணம் இருந்தது: காட்டாக்கடையில் இருந்த தம் தமக்கை மகனுக்கு, எதிர்வீட்டுப் பெண்ணைப் பேசி முடித்தவர் அவரே.

ஆலயத்தில் மும்முறை வாசிக்க வேண்டிய திருமண அறிவிப்பை ஒருமுறை வாசித்திருந்தார்கள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை நண்பகல். மகனை அழைக்கலாமென்று என் கருவியை எடுத்துக் காதில் வைத்தேன். வழக்கமான இரைச்சல் இல்லை. எதிர்வீட்டம்மாளின் குரல் கேட்டது.

“கம்பெனி பூட்டியாச்சுன்னா பூட்டியாச்சு. அதுக்கு நீங்க ஏன் அழணும்? டிக்கெட் எடுத்து வாருங்க.”

அவர் கணவரின் குரல் தொலைவில் உடைந்து கேட்டது. “மாப்பிள வீட்டுல அறிஞ்சா... நான் வந்து எனக்க வாயால அவருக்க அப்பாகிட்ட பறயணும். வேற ஆரும் பறஞ்சு அவரு அறியப்பிடாது. அது மானக்கேடு ஆக்கும்.”

“ஆரும் அறிய மாட்டாங்க. பிள்ளைகிட்டகூட நான் செல்லேல்ல. கிணத்தடியில வந்து நின்னாக்கும் பேசுதேன்.”

“போன்ல பேசுதது வெளிய போவாதா?”

“எங்கெ போவும்? எதுத்த வீட்டு சாரு வாசகசாலையில பறஞ்சிருக்காரு, கம்பி இல்லாததுல ஒருத்தனுக்கும் ஒட்டுக்கேக்க ஒக்காதுன்னு. அவரு ஆராஞ்சு பாக்காம ஒண்ணும் பறய மாட்டாரு.”

கருவியை அணைத்தேன்.  சன்னல் வழியே பார்த்தால், இடவழிக்கு அப்பால் அவர் கிணற்றுச் சுவரில் சாய்ந்து, என் வீட்டை நோக்கியே நின்று பேசிக்கொண்டிருந்தார். நான் சன்னலை விட்டு விலகிச் சுவரோரம் நின்றேன். என் வீட்டுக்குள்ளேயே நான் மறைந்து நின்றது அன்றுதான்.

சொல்லாமலிருக்க இயலாது. என் கருவி கேட்டதை நாளை வேறொருவர் கருவியும் கேட்கும். சொன்னாலோ, நான் கேட்டேன் என்பதும் உடன் வரும். மறுநாள் காலை, மகள் ஆலயத்தில் பாட்டுப் பயிற்சிக்குச் சென்ற வேளை பார்த்து, இடவழியைக் கடந்தேன். என்ன சொல்ல வேண்டுமென்பதை மனத்துக்குள் ஒழுங்காக அமைத்து வைத்திருந்தேன்.

“அம்மா, ஒரு செய்தி. நாம் இருவரும் வைத்திருக்கும் கருவிகள் ஒரே அலையில் இயங்குகின்றன போலும். ஒன்றில் பேசுவது மற்றொன்றில் கேட்கிறது. நேற்று அறியாமல் எடுத்தேன். உடனே வைத்துவிட்டேன். நான் கூறிய கருத்து பிழை.”

அவர் முகம் வெளுத்தது. “எம்புட்டு கேட்டிய?”

“போதுமான அளவு” என்றேன். பொய் சொல்ல நா எழவில்லை. “எவரிடமும் சொல்லேன். என் கருவியை இனி எடுக்கவும் மாட்டேன். பழைய கம்பித் தொலைபேசியையே மாட்டிவிட்டேன்.”

 ஏதோ பிடிபட்டவர்போல் அவர் தலை நிமிர்ந்தார்.

“அப்போ... ஞாயிற்றுக்கிழமை எனக்க போன்ல கேக்கது கிராஸ் டாக் இல்லியா? எக்சேஞ்சுல இருந்து ஏதோ வேற லைன் வந்து விழுதுன்னு நான் நினைச்சேன். ஒரு வயசாளி. மகன்கிட்ட கெஞ்சுவாரு. ‘ஓணத்துக்கு ஒரு நாளு வந்து இருந்துட்டுப் போனா மதி மக்கா, நான் தொந்தரவு ஒண்ணும் செய்ய மாட்டேன்’னு. மகன், ‘தெரியாத விசயத்தப் பத்தி ஊருல பேசாதீங்கப்பா, எனக்குத்தான் கேவலம்’னு ஏசுவான். அவரு ‘சரி மக்கா, சரி மக்கா’ன்னு கேட்டுட்டே நிப்பாரு. கேக்கப்பிடாதுன்னு நான் வச்சிருவேன். பாவம், எந்த ஊருக்காரரோன்னு நாங்க ராத்திரி செபத்துலகூட...”

அங்கே நிறுத்தினார்.

என் குரலை அவர் அடையாளம் காணாததில் வியப்பில்லை. வெளியே நான் பேசும் தமிழ் வேறு. மகனிடம் பேசும் தமிழ் வேறு. ஊரார் எவரும் அந்தக் குரலைக் கேட்டதில்லை. ஓணத்துக்கு மகன் வராததற்கு, நிறுவனம் அவனை விடுவதில்லை, அத்தனை இன்றியமையாதவன் என்றே வாசகசாலையில் சொல்லி வந்தேன். இப்போது இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவருடைய மறைபொருளை நான் அறிந்தது ஒரு வெள்ளிக்கிழமையில். என்னுடையதை அவர் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளாகக் கேட்டு, யாருடையது என்று தெரியாமலே, அதற்காக இறைவனிடம் மன்றாடியும் வந்திருக்கிறார்.

“சாயா இடட்டுமா சாரே?” என்று கேட்டார்.

“வேண்டாம் அம்மா. வாறேன்” என்றேன். ‘வருகிறேன்’ என்ற சொல் அவர் முன்னிலையில் அப்படி என் வாயிலிருந்து வந்தது அதுவே முதல்முறை.

செய்தி அத்துடன் முடிந்திருக்கும். என் கருவி அலமாரிக்குள் போய்விட்டது; கேட்க வேறு கருவி அக்கம்பக்கத்தில் இல்லாததால், எதிர்வீட்டம்மாள் மகளுக்குத் தெரியாமல் கிணற்றடியிலேயே நின்று பேசிக்கொள்ளலாம். அவர் கணவர் இரு வாரத்தில் வந்துவிடுவார். ஆனால் திங்கட்கிழமை மாலை உரக்கடைக்காரர் வாசகசாலைக்குள் உற்சாகமாக நுழைந்தார்.

“சாரே, எனக்க மச்சினன் கல்ஃபுல இருந்து புதன்கிழமை வாறான். சாருக்க கையில உள்ள அதே போன், அதே கம்பெனி, ஒண்ணு கொண்டு வரச் சொல்லப்போறேன். சாரு அன்னைக்குப் பறஞ்சதக் கேட்டதுல இருந்தே ஒரு ஆசை.”

அவர் வீடு என் வீட்டுக்குப் பின்புறம் என்று முன்பே சொன்னேன். எதிர்வீட்டுக் கிணற்றடிக்கும் அவர் முற்றத்துக்கும் இடையே இருப்பது என் வீடு ஒன்றே. மணமகனின் தாய்மாமன் காதிலேயே அப்பேச்சு போய் விழும். மானக்கேடு என்று அம்மனிதர் அழுதது எதற்காகவோ, அது நடந்துவிடும்.

“அது வேண்டாம்” என்றேன்.

“ஏன் சாரே?”

“நல்லதன்று.”

“என்ன நல்லதில்ல? ஒட்டுக்கேக்க ஒக்காதுன்னு இதே பெஞ்சுல இருந்தாக்கும் பறஞ்சது.”

உண்மைக் காரணத்தைச் சொன்னால் அடுத்த கேள்வி, ‘எதிர்வீட்டுப் பேச்சு உமக்குக் கேட்டதா, என்ன கேட்டது?’ என்பதாகவே இருக்கும். செவிக்குக் கேடு, மின்னல் இழுக்கும் என்று எதையேனும் புனையலாமென்று ஒருகணம் தோன்றியது. அப்படிப் புனைந்தால் அதுவும் ஒரு கருத்தாக ஊரெங்கும் போகும். ஆகவே, “அன்று சொன்னது பிழை. அக்கருவியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது” என்றேன்.

வாசகசாலையில் இருந்தவர்கள் இதழ்களைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார்கள்.

“தெரியாதா! அப்போ, அமெரிக்காக்காரன் கம்பெனி பூட்டும்னு பறஞ்சது?”

“அதுவும் தெரியாது.”

“செல்போன்?”

“தெரியாது.”

மூலையில் யாரோ சிரித்தார். உரக்கடைக்காரர் சிரிக்கவில்லை, கண்களைச் சுருக்கிக்கொண்டார். “ஒண்ணும் தெரியாதவரு வேண்டாம்னு சொன்னா நான் ஏன் கேக்கணும்? நான் வாங்கத்தான் போறேன்.”

நான் எழுந்து நின்றேன். “இது என் வேண்டுகோள். எனக்காக வாங்காதிருங்கள்” என்றேன். பலர் முன்னிலையில் நான் ஒருவரிடம் கைகூப்பிக் கேட்டது அன்றுதான்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. “எலே, இப்பம்லா வெளங்குது! இந்த ஊருல அந்தச் சாதனம் சாருக்க கையில மட்டும் இருக்கணும். எனக்கொண்ணு வந்தா சாருக்க கெத்து போவும். இல்லியா சாரே?”

எல்லோரும் சிரித்தார்கள். இல்லையென்று சொல்ல வாய் திறந்தேன். இல்லையென்றால் வேறென்ன என்று கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டேன். அழுக்காறு என்பது எல்லோருக்கும் உடனே விளங்கும் காரணமாயிருந்தது. அதைவிடப் பொருத்தமானது எனக்கும் கிடைக்கவில்லை.

“சரி, போட்டும். படிச்ச மனுசன் கும்பிட்டுக் கேக்காரு. மச்சினன்கிட்ட டேப் ரெக்கார்டர் கொண்டு வரச் சொல்லுதேன். சாருக்க போனு சாருக்க கிட்டயே இருக்கட்டும்” என்றார் அவர். ஒரு குழந்தைக்கு மிட்டாயை விட்டுக்கொடுப்பவர்போல என் தோளைத் தட்டினார்.

அதன்பின் புதுக் கருவிகளின் பக்கத்தை வாசித்து முடித்ததும், எவரும் என் பக்கம் திரும்பவில்லை. நானும் அந்நேரம் தலையங்கத்தைப் படிப்பவன்போல் அமர்ந்திருந்தேன்.

எதிர்வீட்டுக்காரர் வந்தார். வந்த மறுநாளே காட்டாக்கடைக்குச் சென்று, மணமகனின் தந்தையிடம் தம் நிலையைத் தம் வாயாலேயே சொன்னார். அங்கு என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. திருமணம் குறித்த நாளிலேயே நடந்தது.

விருந்துப் பந்தியில் உரக்கடைக்காரர் எனக்கு எதிரே அமர்ந்தார். மணமகனின் மாமன் என்ற நிமிர்வு அவர் முகத்தில் தெரிந்தது. “இப்பவாவது பறயும் சாரே, அந்தப் போனுல என்ன குற்றம்? அசூயைதானே?” என்று நான்கு இலைக்குக் கேட்கும்படி கேட்டார்.

பருப்பு வாளியோடு வந்த மணமகளின் தாயார் அங்கே நின்றார். “சாரு வேண்டாம்னு பறஞ்சா அதுல காரியம் உண்டும் அண்ணா” என்றார்.

“என்ன காரியம்?”

“அது சாருக்க காரியம்” என்று சொல்லி என் இலையில் பருப்பை ஊற்றினார். ஊற்றக் குனிந்தபோது, எனக்கு மட்டும் கேட்கும்படி, “பெங்களூர்ல இருந்து வந்தாச்சா?” என்றார்.

நான் இல்லையென்று தலையசைத்தேன்.

“வருவாரு. நாங்க இப்பவும் செபத்துல வச்சிருக்கோம். இப்பம் பேரும் தெரியுமில்லியா” என்று கூறி அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

உரக்கடைக்காரர் இன்னும் விடைக்காகக் காத்திருந்தார். “அசூயைதான்” என்றேன். சோற்றைப் பிசையத் தொடங்கினேன். இலையை விட்டுக் கண்ணை எடுக்க இயலவில்லை.