காது குத்தின எலி

பக்தவச்சலம் பதினான்கு வருடமாக எலிகளுக்குக் காது குத்தி வருகிறார். திருத்தணியில் இதைச் சொன்னால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். இந்த ஊரில் காது குத்துவது என்றால் மலைமேல் மொட்டை போட்டு, சந்தனம் பூசி, தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் குத்துவது. இவர் குத்துவது அரக்கோணம் சாலையில் இருக்கும் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில், குளிரூட்டிய அறையில், குறடு மாதிரி ஒரு சின்னக் கருவியால். வலது காதில் ஒன்று, இடது காதில் இரண்டு என்று ஓட்டைக் கணக்கை வைத்துத்தான் எது எந்த எலி என்று தெரியும். குத்தும்போது விழும் கடுகளவு தோலையும் அங்கே வீணாக்குவதில்லை. அவர்கள் வைத்த மரபணு அந்த எலியின் உடம்பில் இருக்கிறதா என்று அதில்தான் பார்ப்பார்கள். இருந்தால் வளர்ப்பார்கள். இல்லாவிட்டால் பெட்டியில் வைத்து வாயுவைத் திறந்துவிடுவார்கள். திறக்கிற வேலையும் இவருடையதுதான்.

சொந்த ஊர் திருவாலங்காடு. அப்பா கரும்பு வெட்டியவர். இவர் பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு, கிடைத்த வேலையெல்லாம் பார்த்துக் கடைசியில் எலிகளிடம் வந்து சேர்ந்தார். மனைவி கௌரியம்மாள் மலையடிவாரத்தில் பூ கட்டி விற்கிறாள். ஒரே மகள் அனிதாவைப் பள்ளிப்பட்டில் கட்டிக்கொடுத்து ஆறு வருடம். இரண்டு முறை கரு தங்கிக் கலைந்துவிட்டது. வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் பயந்த நாள் ஒன்று உண்டு. ஆராய்ச்சி செய்யும் கவிப்பிரியா மேடம் அறை விளக்கை அணைத்துவிட்டு, பிறந்து மூன்று நாளான எலிக்குஞ்சுகள்மேல் நீல டார்ச் அடித்தார். மயிர் முளைக்காத குஞ்சுகள். தட்டு முழுக்கப் பச்சையாய் எரிந்தன. தோல், வால், நகம் வைக்காத பாதம் எல்லாம் பச்சை. உள்ளே ரத்தம் ஓடுவதுகூடக் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. பக்தவச்சலம் இரண்டடி பின்னால் போனார்.

"ஜெல்லி மீன் ஒண்ணு கடல்ல இருக்குண்ணா. நீல வெளிச்சம் பட்டா பச்சையா ஒளிரும். அதோட மரபணுதான் இது" என்றார் கவிப்பிரியா.

மேடம் கெட்டிக்காரர், அலுக்காமல் விளக்குவார். மரபணு என்பது நாலே நாலு எழுத்தில் எழுதிய நீளமான வரி. மூன்று மூன்று எழுத்தாக அதைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் ஒரு மணி. உயிரணு அந்த வரியைப் படியெடுத்து, படித்துக்கொண்டே ஒன்றன்பின் ஒன்றாக மணி கோக்கும். கோத்து முடித்த சரம் தானாகவே சுருண்டு மடிந்து புரதம் ஆகிவிடும். இந்தப் பச்சைக்கு இருநூற்று முப்பத்தெட்டு மணி. மடிந்ததும் ஒளிரும். அவ்வளவுதான் என்றார், ஏதோ ரசம் வைக்கிற மாதிரி.

பக்தவச்சலம் அதைப் பூச்சரமாக நினைத்துக்கொண்டார். மல்லி, கனகாம்பரம், மருக்கொழுந்து என்று வரிசை சொன்னால் கௌரியம்மாள் கை தானாகக் கட்டிக்கொண்டு போகும். சொன்னது யார் என்று கை கேட்பதில்லை. கருவான எலிமுட்டைக்குள் கண்ணாடி ஊசியால் அந்த வரியைச் செலுத்துவதை ஒருநாள் திரையில் பார்த்தார். முட்டை லேசாக உள்வாங்கி ஊசியை ஏற்றுக்கொண்டது. பிறகு அதை வேறொரு எலியின் கருப்பையில் வைத்தார்கள். தன்னுடையதல்லாத குட்டியை அது ஈன்று, நக்கிக் கொடுத்து, பால் கொடுத்தது.

"ஜெல்லி மீன் எழுதினது எலிக்கு எப்பிடி மேடம் புரியுது?"

"எல்லாத்துக்கும் ஒரே எழுத்துதாண்ணா. எலிக்கும், கீரைக்கும், கிருமிக்கும், உங்களுக்கும் எனக்கும்."

அந்தப் பதில் அவரை விடவில்லை. அன்று வீட்டுக்கு வந்து கீரையை அலசும்போது அவர் கை கொஞ்சம் நின்றது. கடலின் ஆழத்தில் எதுவோ எழுதியதைத் தன் உடம்பும் தயங்காமல் படிக்கும் என்பது நல்ல செய்தி மாதிரி அவருக்குத் தோன்றவில்லை.

மேடம் திரும்பத் திரும்பச் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு. "ஒண்ணுகூட வெளிய போகக் கூடாதுண்ணா. ஊர் எலியோட சேர்ந்துச்சுன்னா குட்டிங்கள்ல பாதிக்கு அந்த வரி போகும். அப்புறம் அதுங்க குட்டிங்களுக்கு. நாம திரும்பக் கூப்பிட முடியாது." பதினான்கு வருடத்தில் ஒன்றுகூட வெளியே போனதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

போன ஆடியில் அனிதாவுக்கு மூன்றாவது முறையாகக் கரு தங்கி மூன்று மாதம். பக்தவச்சலம் மாலை போட்டுக்கொண்டு முருகனிடம் வேண்டிக்கொண்டார். பூக்காவடி எடுப்பதோடு இன்னொன்றும் சேர்த்துக்கொண்டார்: பிள்ளை கையில் வரும்வரை இந்தக் கையால் ஓர் உயிரையும் எடுப்பதில்லை. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் கொலை கூடாது என்பது ஊரறிந்தது. முதல் இரண்டு முறையும் தான் குழாயைத் திறந்துகொண்டுதானே இருந்தோம் என்ற நினைப்பு அவரை அரித்துக்கொண்டிருந்தது. மேடத்திடம் சொன்னார். அவரும் தட்டவில்லை, பெட்டி வேலையைக் கூட வேலை செய்யும் வேணு பார்த்துக்கொள்ளட்டும் என்றுவிட்டார்.

கிருத்திகைக்கு நான்கு நாள் முன்னால் வேணு லீவு. ஒரு சோதனை முடிந்து அன்று கழிக்க வேண்டியது ஒரே ஒரு எலி. வலது காதில் ஒன்று, இடது காதில் இரண்டு. கறுப்பு உடம்பு, பெண். கூண்டைத் திறக்கும்போது நாக்கைச் சொடுக்குவது அவர் வழக்கம். அந்தச் சத்தத்துக்கு ஓடிவந்து உள்ளங்கையில் ஏறி உட்காரும். நாளைக்கு வேணு வரட்டும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனிதர் சொல்லவில்லை. பதிவேட்டில் கழித்தாயிற்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எலியைச் சாப்பாட்டு டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் மனதில் ஓடியது இதுதான்: முருகனுக்கு நேர்ந்துகொண்டால் சேவலை அறுக்காமல் மலையில் உயிரோடு விடுகிறார்கள். அது சாமிச் சேவல். அதற்கு அப்புறம் அது சாமி பொறுப்பு. தம்பிக்குச் சேவல் என்றால் அண்ணனுக்கு எலி. அடிவாரத்தில் படியேறும் வழியில், உபைத்தின் ஜூஸ் கடைக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளையார் ஒருவர் இருக்கிறார். அவர் முன்னால் கற்பூரம் ஏற்றி, டப்பாவைத் திறந்தார். எலி வெளியே வந்து, திரும்பி ஒருமுறை அவரைப் பார்த்துவிட்டு, பீடத்தின் ஓட்டைக்குள் போனது. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பதினான்கு வருடம் கேட்ட எச்சரிக்கை அந்தக் கற்பூர வாசனையில் காணாமல் போனது.

இரண்டு மாதம் கழித்து உபைத் ஈ அடிக்கிற ஊதா விளக்கு ஒன்று வாங்கிக் கடை ஓரத்தில் மாட்டினான். பொழுது சாயும் நேரம். பக்தவச்சலம் வண்டியை நிறுத்தும்போதே அவன் கூப்பிட்டான்.

"அண்ணே, இங்க கொஞ்சம் வாயேன். உங்க புள்ளையார் மேல இன்னா ஊருதுன்னு பாரு."

ஊதா வெளிச்சம் சிலையில் பாதியில் விழுந்திருந்தது. அதில் சின்னச் சின்னப் பச்சைப் பாதங்கள் பிள்ளையாரின் தொந்தி மேல் ஏறிக்கொண்டிருந்தன. மயிர் மூடிய உடம்பு தெரியவில்லை. நான்கு பாதம், இரண்டு காது, பின்னால் இழைகிற பச்சை நூலாக ஒரு வால். பக்கத்தில் இன்னும் நான்கு பாதம். தும்பிக்கை மடிப்பில் இன்னும். சத்தமே இல்லை. நிழலுக்குள் போனதும் அணைந்தன. வெளிச்சத்துக்கு வந்ததும் எரிந்தன.

"பகல்ல பாத்தா சாதா சுண்டெலிதாண்ணே. நானே பாத்துகினு தான் இருந்தேன்" என்றான் உபைத். அவன் குரல் இறங்கியிருந்தது.

மறுநாள் விடிகாலையில் நீல டார்ச்சோடு போய்ப் பீடத்தின் ஓட்டைக்குள் அடித்துப் பார்த்தார். உள்ளே பூநாரும் திருநீற்றுக் காகிதமும் சேர்த்த கூடு. ஏழு குஞ்சுகள். நான்கு எரிந்தன, மூன்று எரியவில்லை. மேடம் சொன்ன பாதிக் கணக்கு. கையை விட்டால் ஏழும் ஒரே பிடியில் வரும். வெளியே திரியும் நாலைந்தையும் பொறி வைத்துப் பிடித்திருந்தால் அன்றைக்கே இந்தக் கதை முடிந்திருக்கும். அனிதாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம், வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. பக்தவச்சலம் கையை ஓட்டைக்குள் நீட்டினார், நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தார், வெளியே எடுத்துக்கொண்டார். இதைக் கொன்று அது கலைந்தால் என்ன செய்வது? இதை விட்டு இது பரவினால்? இரண்டில் முதல் பயம்தான் பெரிதாக இருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்கப்புறம் ஊர் பார்த்துக்கொண்டது. கிருத்திகைக்குக் கிருத்திகை ஆந்திராவிலிருந்து வரும் கூட்டம் 'பச்ச எலுக' என்று கேட்டுக்கொண்டே வந்தது. பொரி, கொழுக்கட்டை, பாலாடை என்று வைத்தார்கள். பொழுது சாய்ந்ததும் ஊதா விளக்கடியில் கைகூப்பி நின்றார்கள். ஈ செத்து விழும் சத்தம் மட்டும் பட்பட்டென்று கேட்கும். வீடுகளில் எலிப்பொறி வைப்பது நின்றுவிட்டது. எது சாமி எலி என்று பகலில் யாருக்குத் தெரியும்? பூனை வளர்த்தவர்கள் அவற்றைக் கொண்டுபோய் ஆற்காடுகுப்பத்தில் விட்டார்கள்.

பக்தவச்சலம் எதைப் பார்த்தாலும் டார்ச் அடிக்கத் தொடங்கினார். அரிசி மூட்டை இடுக்கு, பரண், கௌரியம்மாளின் பூக்கூடை. ஒருநாள் தன் உள்ளங்கையிலேயே அடித்துப் பார்த்தார். எரியவில்லை. ஆனாலும் ஒரே எழுத்துதானே என்று நினைத்துக்கொண்டார். நினைத்ததும் விளக்கைப் போட்டார்.

தை மாதம் அனிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ, நல்ல குரல். பக்தவச்சலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். வேண்டுதல் முடிந்தது. இனி கைக்குக் கட்டுப்பாடு இல்லை. அன்றே போயிருப்பார், ஆனால் பெற்ற வீட்டுக்கும் முப்பது நாள் தீட்டு, சாமி இருக்கிற இடத்தில் கால் வைக்கக் கூடாது என்று கௌரியம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மறுபடியும் முப்பது நாள். எலிக்கு ஓர் ஈற்றுக்கு அதுவே அதிகம்.

முப்பத்தோராம் நாள் மாலை எலிப்பொறி மூன்றைப் பையில் போட்டுக்கொண்டு அடிவாரத்துக்குப் போனார். பிள்ளையார் முன்னால் கூட்டம். முன்வரிசையில் கௌரியம்மாளும் அனிதாவும், அனிதாவின் மடியில் குழந்தையும்.

"நைனா, நீயும் வந்துட்டியா" என்றாள் அனிதா. முகமெல்லாம் சிரிப்பு. "இந்த எலி வந்த வருசம்தான் எனக்கு இது நின்னுது. அம்மா இங்க வேண்டிகினு இருந்துச்சாம். காதுகூட இங்கயே குத்திடலாம் நைனா."

கௌரியம்மாள் அவர் கையில் பொரியை அள்ளி வைத்தாள். "நீங்களே வைங்க. தாத்தா கையால வைக்கட்டும்."

பையைக் காலடியில் வைத்துவிட்டுக் குனிந்தார். கையைத் தரையில் விரித்ததும் பழக்க தோஷம், நாக்கு தானாகச் சொடுக்கியது.

பீடத்திலிருந்து ஓர் எலி வந்தது. அவசரப்படவில்லை. மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தது. பொரியைத் தொடாமல் நேராக அவர் உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்தது. கிழடு தட்டியிருந்தது. ஊதா வெளிச்சத்தில் இரண்டு காதும் பச்சை இலையாய் எரிந்தன. வலது காதில் ஒரு கறுப்புப் பொட்டு. இடது காதில் இரண்டு.

முதலில் பார்த்தது அனிதாதான். "அம்மா, எலிக்குக் காது குத்தி இருக்குது."

கூட்டம் முன்னால் வந்தது. முருகா, முருகா என்று குரல்கள். தெலுங்குக்காரி ஒருத்தி தரையில் விழுந்து கும்பிட்டாள். இதற்குமேல் மறைக்கப் பக்தவச்சலத்தால் முடியவில்லை.

"இது நான் குத்தின காது" என்றார் சத்தமாகவே. "லேப்புல குத்தினது. நான்தான் கொண்டாந்து வுட்டேன். இது சாமி இல்ல."

யாரும் சிரிக்கவில்லை, யாரும் திட்டவில்லை. கௌரியம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் இத்தனை வருடத்தில் அவர் காணாத மரியாதை இருந்தது.

"ஆங், நீங்க குத்தினதுதான்" என்றாள் மெதுவாக. "உங்க கையால குத்தவச்சு, உங்க கையாலயே கொண்டாரவும் வச்சிருக்குறான் பாருங்க."

பின்னாலிருந்து யாரோ அவர் காலைத் தொட்டார்கள்.

கட்டைவிரலைக் கழுத்தில் வைத்து அழுத்தினால் போதும். அவருக்குத் தெரிந்த வேலை, வேண்டுதலும் முடிந்துவிட்டது. விரல் நகரவும் செய்தது. அப்போதுதான் ஓட்டையைப் பார்த்தார். கிழ எலிக்குப் பின்னால் இன்னொன்று வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் மூன்று. அடிவாரக் கோபுரத்து இடுக்கிலிருந்து, படிக்கட்டு விரிசலிலிருந்து, உபைத் கடைச் சாக்கடையிலிருந்து பச்சைக் காதுகள். எல்லாம் முழுக் காதுகள். ஒன்றிலும் ஓட்டை இல்லை. அவர் விரல் நின்றது. கையைத் தரையில் இறக்கினார். அது இறங்கிப் போய்விட்டது.

பொறிகளை அப்படியே விட்டுவிட்டுச் சாலை ஓரத்துக்கு வந்து கவிப்பிரியாவுக்குப் போன் போட்டார். ஆடி மாதத்திலிருந்து ஒன்று விடாமல் எல்லாம் சொன்னார். மேடம் கேட்டது ஒன்றுதான்.

"இப்ப எத்தனை இருக்கும்ணா?"

பக்தவச்சலம் திரும்பிப் பார்த்தார். அனிதா குழந்தையைத் தூக்கி ஊதா வெளிச்சத்தில் பிள்ளையாருக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை கைகளை விரித்து விரித்து மூடியது.

"காது குத்தாததை எப்பிடி மேடம் எண்ணுறது" என்றார்.