எகிலானாவின் இருட்டுப் பாசி

வடதுருவத்தை ஒட்டியிருக்கும் எங்கள் கானாக் ஊரில் குளிர்காலத்தில் தேநீர் குடிக்கிற எவனும் என் தங்கை எகிலானாவுக்குக் கடமைப்பட்டவன். அப்போது குழாயில் வருவது அவள் கொண்டுவருகிற தண்ணீர்தான். உறைந்த கடலில் மாட்டிக்கொண்டு நிற்கும் பனிமலைகளிலிருந்து கட்டிகளை இயந்திரத்தால் அள்ளி வந்து, தண்ணீர்க் கொட்டகைத் தொட்டியில் போட்டு உருக்குவது அவள் வேலை. பதினாறு வருடமாகச் செய்கிறாள். ஒருநாளும் ஊர் தண்ணீருக்குத் தவித்ததில்லை. நான் அவளுக்கு மூத்தவன், பெயர் தாதெராக், தொழில் மீன்பிடிப்பு. அவளை நேரில் புகழ்ந்தால் தலைக்கனம் ஏறிவிடும், அதனால் இங்கே சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் ஏழாவதோடு நின்றவள். ஆனால் பனியின் குணம் பார்த்துச் சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஒரு வருடம், கைக்கெட்டும் தூரத்தில் நின்ற பனிமலையை விட்டுவிட்டு இன்னும் ஆறு கிலோமீட்டர் தள்ளிப் போய்க் கட்டி எடுத்தாள். டீசலை வீணாக்குகிறாள் என்று ஊரே கத்தியது, நானும் கத்தினேன். மூன்றாம் நாள் பக்கத்திலிருந்த அந்தப் பனிமலை குப்புறக் கவிழ்ந்து, சுற்றியிருந்த கடற்பனியை நொறுக்கிப் போட்டது. அதன்பிறகு அவள் வேலையில் யாரும் மூக்கை நுழைப்பதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு அக்டோபரில், சூரியன் கடைசியாக முகம் காட்டிவிட்டுப் போன வாரம், டோர்த்தே என்ற டேனிஷ்காரி வந்தாள். கடல் பாசிகளை ஆராய்கிறவள். கண்ணுக்கே தெரியாத பாசிகளாம், வெளிச்சம்தான் அவற்றுக்குச் சாப்பாடாம். நாலு மாத இருட்டை அவை எப்படித் தாண்டுகின்றன என்பதைப் பார்க்க வேண்டும், ஆனால் அவளால் இங்கே தங்க முடியாது. பனி தெரிந்த ஆள் யார் என்று கேட்டாள். ஊர் என் தங்கையைக் கைகாட்டியது. டோர்த்தே கொட்டகை மேசையில் ஒரு நுண்ணோக்கியை வைத்து, மூன்று நாள் பழக்கிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினாள்.

பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கடலிலிருந்து பாசியை எடுத்துப் பார்த்து எழுதி அனுப்ப வேண்டும். நவம்பரில் கடற்பனி மெல்லிசாக இருந்தது. துளை போட்டுக் கடல்நீரை மொண்டு வந்தாள். என்னையும் பார்க்கச் சொன்னாள். பழுப்பும் பொன்னுமாகக் குட்டிக் குட்டிப் படகுகள் தெரிந்தன.

"இதைச் சுட்டுத் திங்க முடியுமா?" என்றேன்.

"முடியாது."

"அப்புறம் என்னத்துக்கு இது?"

"நீ திங்கிற மீனு கூனி இறாலைத் திங்குது. கூனி இதைத் திங்குது. உனக்கு யாரு சோறு போடுறாங்கன்னு ஒரு தடவை நல்லாப் பாத்துக்கண்ணே."

டிசம்பரில் பனி தடித்தது. பாசிகள் பனியின் அடிப்பக்கத்துக்குள்ளும் ஒண்டியிருக்கும், இனி அதை வெட்டி எடுத்து உருக்கிப் பார்க்கச் சொல்லியிருந்தாள் டோர்த்தே. எகிலானா துளைத்தாள், உருக்கினாள், பார்த்தாள். எல்லாம் வெடித்துக் கிடந்தன. வெறும் ஓடுகள். அடுத்த தடவையும் அதேதான். புத்தாண்டு முடிந்து எடுத்ததும் அதேதான். பார்த்ததைப் பார்த்தபடி எழுதி அனுப்பினாள்.

பதில் வந்தது. இருட்டில் உங்கள் கடல் பாசிகள் செத்துவிட்டன போலிருக்கிறது, வசந்தத்தில் வருபவை வேறெங்கிருந்தோ நீரோட்டத்தில் வருகின்றன, இனி அங்கே பார்க்க ஒன்றுமில்லை. சூரியன் திரும்பும் வாரம் வந்து நுண்ணோக்கியை எடுத்துக்கொள்கிறேன், உங்கள் உழைப்புக்கு நன்றி.

எகிலானா இரண்டு நாள் நுண்ணோக்கிப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் கொட்டித் தீர்த்தாள்.

"ஏப்ரல்ல ஐஸைப் புரட்டுனா அடியில டீத்தூளு கொட்டுன மாதிரி இருக்குதே, அது வெளியூர்க்காரனா? அத்தனையும் நம்ம ஊருதாண்ணே. நம்ம கடல்ல ஒண்ணும் உசிரோட இல்லைன்னு நான் எழுதிக் குடுத்துட்டு உக்காந்திருக்கேன். அந்த மைக்ராஸ்கோப்பு போயிட்டா அதுதான் கடைசிப் பேச்சு."

"பாசிக்காக இவ்வளவு அழுகிறவளை நான் பாத்ததில்ல," என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. கொட்டகைக் கதவை என் முகத்தில் அறைந்து சாத்தினாள்.

அடுத்த வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். சின்ன மீனுக்குத் தூண்டில் போட ஒரு வாளி நிறைய உயிரோடு கூனி பிடித்து வந்து, உறைந்துவிடாமல் இருக்கட்டும் என்று கொட்டகையில் வைத்தேன். கடல் பிராணிகளுக்கு வாழ்நாளெல்லாம் நல்ல தண்ணீர்த் தாகம் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. சீல் என்கிற கடல்நாயைப் பிடித்தால் அதன் வாயில் ஒரு மிடறு நல்ல தண்ணீர் ஊற்றாமல் கத்தி வைக்கமாட்டோம். அந்த நினைப்பில், பாவம் இவையும் குடிக்கட்டும் என்று ஒரு பெரிய பனிமலைக் கட்டியைத் தூக்கி வாளியில் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன். பேச்சு வளர்ந்து, அரை நாள் கழித்துத் திரும்பி வந்தபோது கட்டி கரைந்திருந்தது. ஒரு கூனிகூட அசையவில்லை.

"முப்பது வருஷமா மீன் பிடிக்கிற ஆளாண்ணே நீ?" எகிலானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சீலுக்குக் குடுக்கிறோம்ல? அதே மாதிரிதான்."

"சீலுக்கு அது செத்தப்புறம்தானே குடுக்கிறோம்! உசிரோட இருக்கிற உப்புத்தண்ணி ஜீவன நல்ல தண்ணியில போட்டா..."

அதோடு நிறுத்திக்கொண்டாள். சிரிப்பு அப்படியே வடிந்துவிட்டது. மேசையைப் பார்த்தாள், பிறகு தொட்டியைப் பார்த்தாள்.

"நவம்பர்ல நான் பாத்தது உப்புத் தண்ணி," என்றாள் மெதுவாக. "டிசம்பர்லேருந்து ஐஸ். கடல் ஐஸு உறையும்போதே உப்பைத் துப்பிடும், உருகுனா முக்கால்வாசி நல்ல தண்ணி. ஊருக்குத் தண்ணி உருக்குற மாதிரியே அதையும் உருக்கிட்டேண்ணே. இருட்டு கொல்லல. நாந்தான் கொன்னேன்."

எனக்கு அப்போது கிண்டல் வரவில்லை. கோடாரியை எடுத்துக்கொண்டு அவளோடு கடலுக்குப் போனேன்.

துளையிலிருந்து கடல்நீர் மொண்டு, பாசி எதுவும் கலக்காமல் டோர்த்தே கொடுத்த தாளில் வடிகட்டினாள். வெட்டியெடுத்த அடிப்பனியை அதில் போட்டு, கொட்டகையின் குளிர்ந்த முன்னறையில் இருட்டிலேயே மூன்று நாள் கரையவிட்டாள். இந்தத் தடவை ஒன்றும் வெடிக்கவில்லை. ஒவ்வொன்றும் சுருண்டு, உள்ளே எண்ணெய்த் துளிகளோடு, அசையாமல் கிடந்தது.

"கொழுப்பு சேத்து வச்சிருக்கு பாரு," என்றாள். "அதைக் கொஞ்சங்கொஞ்சமாத் தின்னுக்கிட்டு, ஆடாம அசங்காம படுத்திருக்கு."

"செத்தவனும் ஆடாமதான் படுத்திருப்பான்," என்றேன். வேண்டுமென்று சொல்லவில்லை, அது உண்மையும்தான். டோர்த்தேயும் அதையே சொல்வாள் என்று எகிலானாவுக்கும் தெரியும். அசைந்தால்தான் சாட்சி. அசைய வெளிச்சம் வேண்டும்.

ஜனவரிக் கடைசியில் நடுப்பகலில் தெற்கே வானம் லேசாக வெளுக்கும். அந்த வெளுப்பு விழுகிற முன்னறை ஜன்னலில் கண்ணாடிக் குடுவையை வைத்தாள். தண்ணீர் உறையவும் கூடாது, சூடேறவும் கூடாது. கதவைத் திறந்து வைப்பதும் சாத்துவதுமாக மூன்று வாரம் அங்கேயே குடியிருந்தாள். பக்கத்தில் போய் மூச்சு விட்டதற்குக்கூட எனக்குத் திட்டு விழுந்தது. அவள் கட்டி அள்ளப் போகிற நேரம் பார்த்து நான் திருட்டுத்தனமாகக் குடுவையை எட்டிப் பார்ப்பேன். நாளுக்கு நாள் அதன் அடி நிறம் மாறுவதுபோல இருந்தது. என் ஆசை அப்படிக் காட்டுகிறதோ என்று வாயைத் திறக்கவில்லை.

சூரியன் திரும்பிய அன்றுதான் விமானமும் வந்தது. ஊர் முழுக்க மேட்டில் நின்றது. முதல் கீற்று தெரிந்ததும் தொப்பியையும் கையுறையையும் கழற்றி, வெறும் தலையும் வெறும் கையுமாக அதை வரவேற்பது எங்கள் வழக்கம். நானும் கழற்றினேன். பக்கத்தில் எகிலானா இல்லை. பிறந்ததிலிருந்து இதை ஒருமுறையும் தவறவிடாதவள். தொப்பியை மாட்டிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன்.

டோர்த்தே நுண்ணோக்கி மேல் குனிந்திருந்தாள். கீழே அதன் பெட்டி திறந்தபடி காத்திருந்தது. எகிலானா சுவரோரம் நின்றாள். வெகுநேரம் கழித்து டோர்த்தே தலை நிமிராமலே சொன்னாள்.

"நகருது."

"டிசம்பர், ஜனவரியில செத்ததுக்கு நாந்தான் காரணம்," என்றாள் எகிலானா. "நல்ல தண்ணியா உருக்கிட்டேன். அதையும் எழுதிக்குங்க."

டோர்த்தே நிமிர்ந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. "உப்புத் தண்ணியில உருக்கணும்ங்கிறது எங்க வேலையில முதல் பாடம். ஐஸைப் பத்தி உங்களுக்கா சொல்லணும்னு விட்டுட்டேன். தப்பு என்னோடதுங்க. சொல்லாத பாடத்தை நீங்களே கண்டுபிடிச்சிருக்கீங்க." பெட்டியைக் காலால் மேசைக்கடியில் தள்ளினாள். "இது இங்கயே இருக்கட்டும். அடுத்த குளிர்காலமும் நீங்கதான் பாக்கணும்."

என் தங்கை என்ற பெருமையில் எனக்கு வாயெல்லாம் பல். அதை மறைக்க நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். பழுப்புப் படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன. நான் தொப்பியைக் கழற்றினேன். கையுறையையும் கழற்றினேன்.

"சூரியன் வெளியில இருக்குண்ணே," என்றாள் எகிலானா. "இங்க யாருக்குக் கழட்டுற?"

"உனக்குத்தான்."

எகிலானா எனக்கும் டோர்த்தேவுக்கும் காப்பி ஊற்றினாள். பாதி மேசையில் கொட்டியது.