மேஸ்திரியின் கடைசிக் கண்ணி

எங்கள் மேஸ்திரி மகளின் கல்யாணப் படம் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. வருகிறவர்கள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்ப்பார்கள். என் கண் பந்தல்காலுக்குத்தான் போகும். அதில் வாழைமரத்தைச் சேர்த்துக் கட்டியிருப்பது கயிறு அல்ல, கட்டுக்கம்பி. அது வளைகுடாவில், ருவைஸிலிருந்து வந்த கம்பி.

இரண்டாயிரங்களின் நடுவில் அங்கே ஒரு காண்ட்ராக்ட் கேம்பில் நான் பிக்கப் ஓட்டினேன். மேஸ்திரி கம்பி கட்டும் ஆட்களுக்குத் தலைவர், சிவகங்கைப் பக்கத்துக்காரர். கண்மாய்ப் புறம்போக்கில் முயலுக்குக் கண்ணி வைத்துப் பழகிய கை. கேம்புக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய வரை மணல், புதர்களுக்குள் முயல் தடம். அந்தக் கை சும்மா இருக்குமா? மகள் கல்யாணத்துக்கு லீவு கிடைத்த சந்தோஷத்தில், ரூம்காரர்களுக்கு முயல்கறி போடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். "வேலியுமில்ல, வெள்ளாமையுமில்ல. பொறம்போக்கு தம்பி, கேக்க யாரு இருக்கா?" என்று சொல்லிவிட்டு, சைட்டில் மிஞ்சிய கம்பியில் கண்ணி திரித்து வியாழன் சாயங்காலம் வைத்துவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை காலை அவரை ஏற்றிக்கொண்டு போனேன். நாங்கள் கண்ணியைப் பார்க்கும் முன்பே, விலங்குகளைக் காக்கும் அரசாங்கக் காவலர் எங்களைப் பார்த்துவிட்டார். உள்ளூர் அரபுக்காரர். அவருடைய இந்தியை நான் மேஸ்திரிக்குத் தமிழில் சொன்னேன். நிலம் அரசாங்கத்துடையது, இங்கே நடக்கலாம், உட்கார்ந்து டீ போட்டுக் குடிக்கலாம், ஆனால் வேட்டைக்கு அனுமதி வேண்டும், கண்ணிக்கு யாருக்குமே அனுமதி கிடையாது. முயல் செத்திருந்தால் கேஸ், ஜெயில். "அவருக்குமா கிடையாதுன்னு கேளு" என்றார் மேஸ்திரி. காவலர் தன் மார்பில் கை வைத்து, "முஜே பி மாஃபி" என்றார். தனக்கும் கிடையாதாம். அந்தப் பதில் மேஸ்திரிக்குப் பிடித்துப்போயிற்று. எங்கள் ஊரில் புறம்போக்குக்குச் சட்டம் பேசுகிறவர்தான் முதலில் அதை வளைத்துப் போட்டிருப்பார்.

கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தார். எல்லாம் காலி. "கலாஸ், யல்லா", முடிந்தது, கிளம்புங்கள் என்று காவலர் எங்களை விட்டுவிட்டார். நான் வண்டியைக் கிளப்பினேன். மேஸ்திரி ஏறவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு தம்பி. அவருகிட்டச் சொல்லு."

"கல்யாணத்த மறந்துட்டீங்களாண்ணே? அதுல செத்துக் கெடந்தா?"

"வச்சவன்தான் எடுக்கணும். ஒண்ண விட்டுட்டுப் போனேன்னா எந்த மூஞ்சியோட பந்தல்ல நிப்பேன்?"

அது அவர்கள் பக்கத்து வேட்டை வழக்கம். எனக்கோ எரிச்சல் மண்டைக்கு ஏறியது. போகிற சனியனை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறாரே என்று நினைத்துக்கொண்டே காவலரிடம் சொன்னேன்.

காற்று அடையாளங்களை மூடியிருந்தது. மூன்று பேரும் புதர் புதராகத் தேடினோம். கடைசியில் ஒரு புதரடியில் பின்னங்கால் கண்ணியில் மாட்டி முயல் கிடந்தது. வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. காவலர் மண்டியிட்டுச் சுருக்கைத் தளர்த்தினார், முயல் ஓடிவிட்டது. மற்றக் கண்ணிகளைத் தன் வண்டியில் போட்டவர், இந்தக் கம்பியை மட்டும் விரலால் நீவி நேராக்கி மேஸ்திரியிடமே கொடுத்தார். இது கட்டிடம் கட்ட என்றார்.

அந்தக் கல்யாணத்துக்கு நானும் லீவில் போயிருந்தேன். வாழைமரத்தைக் கம்பியால் கட்டிக்கொண்டிருந்தவரிடம், "கயிறா இல்லண்ணே?" என்றேன்.

"இருக்கு. இது முயலையும் விட்டுச்சு, என்னையும் விட்டுச்சு. இங்க நிக்கட்டும்."

இப்போது வளைகுடாவுக்குக் கிளம்பும் பிள்ளைகள் சொல்லிக்கொள்ள வந்தால், அந்தப் படத்தைக் காட்டுகிறேன். பந்தல்காலில் கம்பி இருக்கிறது. அதன்மேல் கை வைத்தபடி, பெண்ணின் அப்பா நிற்கிறார்.