மாமாவும் நானும் பார்த்த இரண்டாம் பாகம்

கறுப்பு அட்டைப் பெட்டி, உள்ளே நான்கு குறுந்தகடுகள். மேலட்டையில் மழைக்கோட்டு போட்ட ஒருவன் ரயில் பாலத்தின் நடுவில் தனியாக நின்றுகொண்டிருப்பான். லண்டனுக்குப் படிக்கப் போயிருந்த என் தம்பி, எனக்குக் கல்யாணமான நான்காவது மாதம் அதை அனுப்பியிருந்தான். பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறேனே, பொழுது போகட்டும் என்று நினைத்திருப்பான். அந்த வீட்டில் பொழுது போகாமல் இருந்தவர் இன்னொருவரும் உண்டு என்பது அவனுக்குத் தெரியாது. அவர் என் மாமனார். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. கணவருக்கு அங்கே ஒரு கம்பெனியில் சூளையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மாமியார் இறந்து வெகுகாலமாகிவிட்டது. காலை ஏழு மணிக்குக் கணவர் கிளம்பினால், சாயங்காலம் வரை நானும் மாமாவும் மட்டும்தான். நான் அந்த வீட்டுக்கு இரண்டாவதாக வந்தவள். முதல் மனைவி மூளைக்காய்ச்சலில் இறந்துபோயிருந்தார். அவரை நான் மனதுக்குள் அக்கா என்றே சொல்லிக்கொள்வேன். கண்ணால் பார்க்காவிட்டாலும் அவரோடுதான் குடித்தனம் செய்துகொண்டிருந்தேன். அக்கா வைக்கும் காரக்குழம்பு, அக்கா போடும் கோலம், அக்கா சிரித்தால் எதிர்வீட்டுக்குக் கேட்கும் என்பது எல்லாவற்றையும் வருகிறவர்கள் எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். கம்பெனியில் பழுதென்று ஒதுக்கிய கோப்பைகளில்தான் எங்கள் வீட்டில் டீ. அவற்றுக்கு ஊரில் ‘செகண்ட்ஸ்’ என்று பெயர். அந்தச் சொல்லை யாராவது சொன்னால் அப்போதெல்லாம் எனக்கு முகம் சுருங்கும்.

மாமா ஒருநாளும் ஒப்பிட்டுப் பேசியதில்லை. ஆனால் அக்காவை அவர் ‘பாப்பா’ என்று கூப்பிடுவார் என்று கேள்விப்பட்டிருந்தேன். என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டார். தேவையிருந்தால் தொண்டையைக் கனைப்பார், நான் திரும்பிப் பார்ப்பேன்.

ஒரு மத்தியானம் கம்ப்யூட்டரில் முதல் தகட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க வந்த மாமா கதவருகே நின்றுவிட்டார். என்ன படம் என்றார். படமில்லை, தொடர் என்றேன். இந்தக் காலத்துப் போலீஸ் அதிகாரி ஒருவன் ரயில் பாலத்தில் மயங்கி விழுகிறான், கண் விழித்தால் முப்பது வருஷம் பின்னால் போயிருக்கிறான், அதே ஊர், அதே ஸ்டேஷன், ஆனால் ஆட்கள் எல்லாம் பழைய ஆட்கள் என்று கதையைச் சொன்னேன். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. படத்துக்குக் கீழே ஓடும் எழுத்தைப் படித்து நான் தமிழில் சொல்வேன். சொல்லச் சொல்ல எனக்கே சூடு பிடித்துவிட்டது. இன்ஸ்பெக்டருக்குக் கனத்த குரல், திருடனுக்கு இழுத்த குரல் என்று பேச ஆரம்பித்தேன். மாமா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். பேச்சுக்குப் பதில் பேச்சு வளர்ந்தது. அவர்கள் ஸ்டேஷனில் மேஜைக்கு மேஜை டைப்ரைட்டர் இருக்கிறதே, எங்களுக்கு ரைட்டர் ஒருத்தர் கையால்தான் எல்லாம் எழுதுவார் என்பார். அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு மார்கழிப் பனியில் பாரா நின்ற கதையைச் சொல்வார். தினமும் ஒரு பகுதி என்று கணக்கு வைத்துக்கொண்டு பார்த்தோம்.

ஐந்தாவது பகுதியில் ஒரு பையனைப் பிடித்துவந்து அறைக்குள் வைத்து அடிக்கிறார்கள். அவன் குற்றவாளி இல்லை என்பது எதிர்காலத்திலிருந்து வந்தவனுக்குத் தெரியும். ஆனாலும் கதவுக்கு வெளியே நிற்கிறானே தவிர உள்ளே போக மாட்டேன் என்கிறான். மாமா எழுந்து பின்கட்டுக்குப் போனார். குழாயைத் திறந்து முகம் கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது. இரண்டு நாள் அந்த அறைப் பக்கமே அவர் வரவில்லை. மூன்றாம் நாள் ஒன்றும் நடக்காததுபோல் வந்து உட்கார்ந்தார். அந்தத் தொடர் அவன் தன் காலத்துக்குத் திரும்பி வருவதோடு முடிந்தது. பழைய வழக்குக் கோப்பை எடுத்துப் பார்க்கிறான். அதில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. பையன் குற்றவாளி என்றே இருக்கிறது. முடிந்த பிறகும் மாமா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் தம்பி இரண்டாம் பாகத்தை அனுப்பினான். இதில் முக்கியப் பாத்திரம் ஒரு பெண். பழைய கோப்புகள் அடுக்கிய அறையில் வேலை பார்ப்பவள், முதல் பாகத்தில் நடந்ததையெல்லாம் படித்து வைத்திருப்பவள், அவளும் பின்னால் போகிறாள். முந்தையவன் போனதற்குப் பத்து வருஷம் பிந்திய காலத்துக்கு. நான் ஆசையாகப் பெட்டியைக் காட்டினேன். மாமா வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “மொதல்ல வந்ததுக்கு ஈடாவுமா அது?” என்றார்.

அவர் தொடரைத்தான் சொன்னார். ஆனால் நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அரிசி களைந்துகொண்டே அழுதேன் என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவருக்கு என்ன புரிந்ததோ, மறுநாள் மத்தியானம் அவரே கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்து தொண்டையைக் கனைத்தார். போடும்மா, பாப்போம் என்றார். ‘அம்மா’ என்ற அந்த ஒரு சொல்லை நான் கவனித்தேன்.

உண்மையில் இரண்டாம் பாகம் முதல் பாகத்துக்குக் கீழேதான் இருந்தது. இருவரும் ஒத்துக்கொண்டோம். ஆரம்பத்தில் ஒரே பாட்டும் பளபளப்பும். பழைய இன்ஸ்பெக்டரைக் கோமாளியாக்கிவிட்டார்கள் என்று மாமாவுக்கு வருத்தம். முதலாமவன் எங்கே வந்திருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தபோது நாமும் கூடவே விழித்தோம், இவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, அதனால் நமக்குத் திகில் இல்லை என்பது என் கட்சி. மாமா கொஞ்சம் யோசித்து, தெரிந்துகொண்டே ஒரு இடத்துக்குள் போவது இன்னும் கஷ்டம் என்றார்.

ஆறாவது பகுதியில் அந்தப் பெண் ஒரு வீட்டைத் தேடிக்கொண்டு போகிறாள். கதவைத் திறப்பவன், அன்று அடிபட்ட பையன். இப்போது வளர்ந்த ஆள், நடையில் ஒரு சாய்வு. அவள் அவனிடம் ஒரே ஒரு வாக்கியம் பேசுகிறாள். நீ செய்யவில்லை என்று எங்களுக்குத் தெரியும் என்கிறாள். நான் அதைத் தமிழில் சொல்லி முடித்ததும் மாமா நிறுத்தச் சொன்னார்.

“மொத பாகத்துல இது இல்ல பாரு. அடிச்சதோட வுட்டுட்டான் படம் எடுத்தவன். அப்புறம் அந்தப் புள்ள என்னா ஆனான்னு இதுலதான் கேக்குறான்.”

பிறகு அவராகவே சொன்னார். வேறொரு ஊரில் அவர் புதிதாகக் கான்ஸ்டபிளாகச் சேர்ந்த காலம். பொம்மை செய்யும் சின்னப் பட்டறையில் அச்சுகள் காணாமல் போய்விட்டன. வைக்கோல் சுற்றிப் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கும் ஒரு இளைஞனைப் பிடித்துவந்தார்கள். முதலாளியின் சொந்தக்காரன் வீட்டில் அச்சுகள் இருப்பதை மாமாவே பார்த்திருந்தார். மேலதிகாரிகளிடம் சொன்னார், வாயை மூடு என்றார்கள், மூடிக்கொண்டார். அந்த இளைஞன் இப்போது பெண்ணாடத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பது அவருக்குப் பல வருஷமாகத் தெரியும். பஸ்ஸில் போகும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொள்வாராம்.

போகலாமா மாமா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் பயம் வந்தது. அவர் உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து பஸ் பெண்ணாடம் போய்ச் சேர்ந்தது. கடைக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். மாமா நின்றபடியே ஊரைச் சொன்னார், பட்டறையைச் சொன்னார். அவர் நிமிர்ந்து மாமாவின் முகத்தைப் பார்த்தார்.

“நாலு பேரு இருந்தாங்க. நீங்க யாருன்னு தெரியலைங்க.”

“அவங்க அடிக்கையில நான் காலப் புடிச்சிகிட்டவன்” என்றார் மாமா.

அவர் மறுபடி டியூபைத் தண்ணீருக்குள் விட்டார். குமிழி வந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டார். முப்பது வருஷத்துக்கு மேலாக மாமா ஒரு முகத்தைச் சுமந்துகொண்டிருந்தார், அந்த முகத்துக்குரியவருக்கோ மாமாவின் முகமே நினைவில் இல்லை. நீ எடுக்கலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் என்றார் மாமா.

“எங்கப்பா சாவுற வரைக்கும் என்னைத் திருடன்னுதான் நெனச்சாரு” என்றார் கடைக்காரர். “எங்கிட்ட சொல்லி என்னாங்க ஆவப்போவுது? எனக்குத் தெரியாதா? அம்மா உள்ள இருக்குது. அதுகிட்ட சொல்லுங்க.”

கடைக்குப் பின்னால்தான் வீடு. வயதான அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மாமா தரையில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். அந்த அம்மா காதில் கையை வைத்துக்கொண்டு என்னா என்றார். மாமா மறுபடி சொன்னார். மறுபடியும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை மாமா கத்தினார்.

“உங்க புள்ள திருடலம்மா. நான் போலீசு. எனக்கு அன்னைக்கே தெரியும்.”

வெளியே பம்பு அடிக்கும் சத்தம் நின்றது. பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். அவர்கள் முன்னாலும் மாமா தலையைக் குனிந்துகொள்ளவில்லை. இப்பயாவது தெருவுக்கே கேக்குற மாதிரி சொன்னியே என்று மட்டும் சொன்னார் அந்த அம்மா. பிறகு என்னைப் பார்த்து இது யாரு என்றார். என் மருமவ என்றார் மாமா.

மன்னிப்பு என்று எதுவும் அங்கே கிடைக்கவில்லை. கடைக்காரர் எங்களை உட்காரச் சொல்லவில்லை, போயிட்டு வாங்க என்றும் சொல்லவில்லை. விருத்தாசலம் பஸ்ஸு எதிர்ப்பக்கம் நிக்கும் என்று கையைக் காட்டினார். மாமா அதற்குக் கும்பிட்டார்.

இப்போது காலத்தில் முன்னும் பின்னும் போகும் போலீஸ் கதைகள் செல்போனிலேயே வரிசையாக வருகின்றன. எந்தத் தொடருக்கும் இரண்டாம் பாகம் வந்தவுடன் முதல் பாகம்போல் இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலும் சரியாகத்தான் எழுதுகிறார்கள். நானும் ஒப்பிட்டுத்தான் பார்க்கிறேன். பார்த்துவிட்டுப் பேச மாமா இல்லை. அவர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. வெள்ளாற்றுப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டிருந்தார், தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே பேசினார்.

“பாப்பா இருந்திருந்தா, இத அவகிட்ட சொல்லியிருக்க மாட்டேம்மா. ஒங்கிட்டதான் சொல்ல முடிஞ்சுது.”

விருத்தாசலம் வந்து இறங்கியபோது அவர் கையை நீட்டினார். பிடித்து இறக்கிவிட்டேன். வீடு வரை அவர் கையை விடவில்லை.