கோலசிலாங்கூருக்கு ஜெபம் பண்ணப் போனது

எண்பத்தாறாம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை. காலை ஏழரைக்கு எங்கள் ஊர் பத்தாங் காலியில் ரவாங் பஸ் ஏறினேன். டிக்கெட் தொண்ணூறு காசு. பையில் ஒரு மாற்றுச் சட்டை, வேதப் புத்தகம், ரொட்டி.

போக வேண்டியவர் எங்கள் உபதேசியார். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கால் வீங்கிப் படுத்திருந்தார். கோலசிலாங்கூருக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் ரூத்தம்மா என்று ஓர் அம்மாள். வயிற்றில் கட்டி. ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், மறுநாள் ஆப்பரேஷன். முன்பு ஒரு தடவை நாள் குறித்தும் பயந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. இனித் தள்ளினால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். யாராவது வந்து ஜெபம் பண்ணாமல் வாசல் தாண்ட மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார்.

"நீ போய்ட்டு வா, சாமுவேலு" என்றார் உபதேசியார்.

"எனக்கு என்னங்க தெரியும்? கோயில் கூட்டுறவன்."

"பரமண்டல ஜெபம் தெரியுமில்ல?"

"அது தெரியும்."

"அது போதும்லா. மிச்சத்த ஆண்டவரு பாத்துக்குவாரு."

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன், இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் வேலை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நாலு பேர் முன்னால் வாய் திறந்ததில்லை.

ரவாங்கில் பஸ் மாறினேன். இதற்கு டிக்கெட் இரண்டு வெள்ளி பத்துக் காசு. பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய குட்டைகள். தண்ணீர் பச்சையாக நின்றது. அதற்குப் பிறகு மேடு இல்லை. எங்கள் பக்கம் செம்மண், மலை. இங்கே தட்டை நிலம், கறுப்பு மண், வாய்க்கால். பக்கத்தில் கோழிக் கூடையோடு ஒரு பாட்டாளி அம்மாள். என் மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

"பாதிரியாருங்களா?"

"இல்லம்மா."

"வெள்ளச் சட்ட போட்டிருக்கீங்களே."

"நல்லதா இருக்குறதே இது ஒண்ணுதான்."

அவர் சிரித்தார். கோழியும் கத்தியது.

பதினொரு மணிக்குக் கோலசிலாங்கூர். ரூத்தம்மாவின் கணவர் தேவசகாயம் மோட்டார் சைக்கிளோடு நின்றார். ஆற்றுப் பாலம் தாண்டும்போது பாசிர் பெனம்பாங் பக்கமிருந்து மீன் வாடை வந்தது. படகுகள் நெருக்கியடித்துக் கிடந்தன. பிறகு அரை மணி நேரம் மண் ரோடு, இரண்டு பக்கமும் செம்பனை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு அவர்களுடையது.

ரூத்தம்மா கதவோரம் உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு. எனக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார்.

ஐந்து மணிக்கு லயத்து ஜனம் வந்தது. பாதிப்பேர் நெற்றியில் திருநீறு. தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் பழனியும் வந்து சுவரோரம் உட்கார்ந்தார். நான் எழுந்து கண்ணை மூடிப் பரமண்டல ஜெபம் சொன்னேன். அது சீக்கிரம் முடிந்துவிட்டது. கண்ணைத் திறந்தேன். எல்லாரும் இன்னும் தலை குனிந்தே இருந்தார்கள். மிச்சத்துக்குக் காத்திருந்தார்கள். என்னிடம் மிச்சம் இல்லை.

ஆண்டவரே, இவ்வளவுதான் இருக்கு, நீரே பாத்துக்கும் என்று மனதுக்குள் சொன்னேன். பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகப் பேர் கேட்டேன். முனியம்மா என்றார்.

"ஆண்டவரே, முனியம்மா வந்திருக்காங்க" என்றேன்.

"இருக்கேங்க" என்றார் முனியம்மா, பழக்க தோஷத்தில். விடிகாலையில் வேலைக்கு ஆள் எண்ணிப் பேர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்போம். கூப்பிட்டால் குரல் கொடுத்தாக வேண்டும்.

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நான் அடுத்தவர் பேர் கேட்டேன். அவரும் "இருக்கேன்" என்றார். அப்படியே சுற்றி வந்தது.

"பழனி வந்திருக்காரு ஆண்டவரே."

"இருக்கேன். பெரட்டு எடுக்கறது என் வேலய்யா, அதயும் புடுங்கிட்டீங்களே" என்றார் மண்டோர். வீடே சிரித்தது.

கடைசியில் ரூத்தம்மா.

"ஆண்டவரே, ரூத்து இங்க இருக்கா. நாளைக்குக் கிள்ளான்ல இருப்பா. அங்கயும் பேர் சொல்லிக் கூப்பிடும்."

தேவசகாயம் தரையைப் பார்த்தார். சிரித்தவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

"இருக்கேன்" என்றார் ரூத்தம்மா. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒங்க பேரச் சொல்லலியே. நீங்க வேலைக்கு வரலியா?"

"சாமுவேலு. இருக்கேம்மா."

"ஆமென்" என்று சத்தமாகச் சொன்னவர் பழனி. அவர் முருக பக்தர்.

அன்று இரவு அங்கேயே தங்கினேன். கருவாட்டுக் குழம்பு. ரூத்தம்மாவும் இரண்டு வாய் சாப்பிட்டார்.

ஞாயிறு காலை கோலசிலாங்கூர் பஸ் நிலையத்தில் எட்டரைக்குக் கிள்ளான் பஸ் முதலில் வந்தது. தேவசகாயம் பையைத் தூக்கிக்கொண்டார். ரூத்தம்மா தானாகவே படி ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையைச் சரி செய்தார். பயம் முகத்தில் இருந்தது. ஆனாலும் போனார்.

என் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஒரு கோப்பி குடித்தேன், முப்பது காசு. எங்கள் ஊர்க் கோப்பியைவிடத் தண்ணி. குறை சொல்லத் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கோயில் கூட்டும்போது உபதேசியார் நொண்டிக்கொண்டு வந்தார். ரூத்தம்மா நல்லபடி வீடு வந்துவிட்டார் என்று சேதி சொன்னார்.

"பாகான் நக்கோடா ஓமார்னு ஒரு ஊரு, அங்க ஒரு வீட்ல ஜெபத்துக்குக் கூப்பிடுறாங்க. எனக்கு இன்னும் கால் சரியாவல."

பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.