ஜக்கூஸியில் முதலில் வரும் தண்ணீர்

கணவர் இறந்த பிறகு இன்றைக்குத்தான் சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் எங்கள் காண்டோ குடியிருப்பின் ஜக்கூஸி வெந்நீர்த் தொட்டியில் இறங்கினேன். தனியாக.

தொட்டித் தண்ணீர் இதமான சூட்டில்தான் இருந்தது. சுவிட்சை அழுத்தியதும் தொட்டிச் சுவரிலுள்ள ஜெட் துளையிலிருந்து தண்ணீர் முதுகில் ஜில்லென்று பாய்ந்தது. பதறி எழுந்துவிட்டேன்.

பக்கத்தில் நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்த செல்வத்தைக் கூப்பிட்டேன்.

"ஹீட்டர் கெட்டுப்போச்சா தம்பி?"

"இல்லக்கா. ஆஃப்ல இருக்கும்போது பைப்புக்குள்ள நிக்கிற தண்ணி ஆறிடும்லா. ஆன் பண்ணா அதுதான் முதல்ல வரும். எப்பவும் இப்படித்தான்."

"இத்தனை வருஷமா வர்றேன், ஒரு நாளும் ஜில்லுன்னு வந்ததில்லையே."

"முன்னாடி யாருக்கா ஆன் பண்ணுவாங்க?"

அவர்தான். எனக்கு முன்னால் இறங்கி, ஜெட்டுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொள்வார். நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்கிறார் என்று நான் கரையில் நின்று முணுமுணுப்பேன். சற்று நேரம் கழித்து நகர்ந்து இடம் விட்டு, "இப்ப வா, சரியா இருக்கு" என்பார்.

ஒரு தடவைகூடக் காரணம் சொன்னதில்லை.

உங்கள் வீட்டில் அந்த முதல் தண்ணீர் யார் முதுகில் விழுகிறது? தெரியாது என்றால், உங்கள் முதுகில் இல்லை என்று அர்த்தம்.