கிரீஸ் வைத்த ரீல்

எந்த மெஷினைப் பார்த்தாலும் எனக்கு உடனே திறந்து பார்த்தாக வேண்டும். பிழைப்பும் அதுதான். மதுரையில் ஜெராக்ஸ் மெஷின்களைப் பழுது பார்க்கிறேன். பேப்பர் சிக்கி நின்றுபோனதை ஓட வைத்துவிட்டு வந்தால்தான் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும். வீட்டில் மிக்சி லேசாக முனகினாலும் விடமாட்டேன். "அது நல்லாத்தான ஓடுது, ஏன் போட்டு நோண்டுறீங்க?" என்று மனைவி சத்தம் போடுவாள். இந்தக் குணத்தால் ஒரு சிநேகிதனையே இழக்கப் பார்த்தேன்.

அவனுக்குக் கோரிப்பாளையத்தில் கண்ணாடிக் கடை. ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டுவான், போட்டோவுக்குச் சட்டம் போடுவான். பாலிடெக்னிக்கில் இருவரும் ஒரே பெஞ்சு. அப்போதிருந்து எனக்கு அவன் மாப்ள, அவனுக்கு நான் மாப்ள. யார் வீட்டில் யார் பெண் எடுத்தது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஒரே வண்டியில் கண்மாய்க்குக் கிளம்பிவிடுவோம். பரவை தாண்டி ஒரு கண்மாய், தண்ணீர் கிடக்கிற வருடங்களில் எழுமலைப் பக்கம் இன்னொன்று. மீன் ஏலம் எடுத்தவர்கள் எங்களை விரட்டுவதில்லை. அவர்கள் விட்ட கெண்டைக் குஞ்சுகளை விரால் தின்றுவிடும். ரப்பர் தவளையைப் போட்டு நாங்கள் அந்த விராலைப் பிடித்தால் அவர்களுக்கு லாபம்தான்.

அவன் தூண்டிலில் வைத்திருந்தது, நூல் சுற்றிய ஸ்பூலே சுற்றுகிற ரீல். சாதாரண ரீலில் ஸ்பூல் அசையாமல் நிற்கும், நூல் மட்டும் உருவிக்கொண்டு போகும். சின்னப் பிள்ளைகூட வீசலாம். இதில் தவளை பறக்கப் பறக்க, நூலைச் சுமந்திருக்கும் ஸ்பூலும் சேர்ந்து சுற்றும். தவளை தண்ணீரைத் தொடுகிற நொடியில் கட்டைவிரலால் ஸ்பூலைத் தொட்டு நிறுத்த வேண்டும். தவறினால் தவளை நின்ற பிறகும் ஸ்பூல் நிற்காது. நூல் பொங்கி, ரீலுக்குள் காக்காக்கூடு கட்டிவிடும். பக்கவாட்டில் ஒரு பிரேக் திருகு உண்டு. புதிதாகப் பழகுகிறவர்கள் அதை இறுக்கி வைத்துக்கொள்வார்கள். அவன் அதைக் கடைசிவரை தளர்த்தி வைத்திருப்பான். "கட்டவெரல் இருக்குறவனுக்கு எதுக்குடா பிரேக்கு?" என்பான். ஆகாயத்தாமரைக்கு நடுவே ஒரு சொம்பு அகலத்துக்குத் தண்ணீர் தெரிந்தால் போதும், அதற்குள் தவளையை வைப்பான். வீசுவது என்று சொல்ல மாட்டேன், வைப்பான். எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும்.

போன வருடம் கடையில் ஒரு கண்ணாடி நழுவி, அவனுடைய வலது கட்டைவிரலின் அடியில் இறங்கியது. தையல் போட்டார்கள், புண் ஆறியது. விரல் மடங்கியது, நீண்டது. ஆனால் நரம்பு அறுந்ததில் உணர்ச்சி திரும்பவில்லை. "டீ கிளாசு சுடுறது மத்த நாலு வெரலுக்குத்தான் மாப்ள தெரியுது" என்று சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். பிறகு கண்மாய்க்குப் போனோம். முதல் வீச்சே காக்காக்கூடு. இடது கையால் வீசிப் பார்த்தான், தவளை சீமைக்கருவேலத்தில் தொங்கியது. மறுபடியும் வலது கை, மறுபடியும் காக்காக்கூடு. நூலைக் கத்தியால் அறுத்து எறிந்துவிட்டுக் கரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ரீலு பழசாயிருச்சு மாப்ள. பேரிங் தேஞ்சிருக்கு. குடு, நா பாத்துத் தாரேன்" என்றேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நன்றாக ஆடத் தெரிந்த ஒருவனுக்காகக் கூடத்தைக் கோணல் என்று சொன்னவன் நான். அவன் விரல் போய்விட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேரிங் போய்விட்டது என்று சொல்வது சுலபமாக இருந்தது.

ஒரு மத்தியானம் தரையில் வெள்ளைத் துண்டை விரித்து ரீலைப் பிரித்தேன். கழற்றிய வரிசை மாறாமல் திருகாணிகளை அடுக்கினேன். பல்சக்கரத்தில் கறுத்துக் கிடந்த கிரீஸை வழித்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தேன். பேரிங்கைப் பிடித்திருக்கும் மெல்லிய கம்பி வளையம் ஒன்று தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. நானும் மனைவியும் செல்போன் வெளிச்சத்தில் குப்புறப்படுத்துத் தேடினோம். பழைய பேரிங் இரண்டையும் ஒரு டப்பாவில் போட்டுவிட்டு, ஆன்லைனில் வரவழைத்த பீங்கான் குண்டு பேரிங்குகளை வைத்து, ஆளுக்கொரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டேன். ஸ்பூலைச் சுண்டினேன். சன்னமாக விசிலடித்துக்கொண்டு சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சரி, இம்புட்டு வேகமாச் சுத்தி என்னா செய்யப் போகுது?" என்றாள். மெஷினைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அந்த வேகத்தில் சுற்றும் ஸ்பூலை நிறுத்த நல்ல விரலே தடுமாறும். அடுத்த ஞாயிறு அவன் வீசிய ஒரே வீச்சில் நூல் முழுவதும் பொங்கி வெளியே வழிந்தது. பிரேக்கை இறுக்கித்தான் பாரேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. நீச்சல்காரனிடம் இடுப்பில் டியூப் மாட்டிக்கொள் என்று எப்படிச் சொல்வது? அவன் கோபப்படவில்லை. நூலைக்கூட எடுக்காமல் தூண்டிலை என் கையில் கொடுத்தான்.

"நீயே வச்சுக்க மாப்ள. இனிமே நா வரல."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் போட்டால் கடையில் வேலை என்றான். கோரிப்பாளையத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எவன் கண்ணாடி வாங்குகிறான்? நான் தனியாக இரண்டு தடவை போனேன். ஒரு தடவை நல்ல விரால் மாட்டியது. தூக்கிப் பிடித்துத் திரும்பினேன், காட்ட ஆள் இல்லை. எனக்கு அவனைத் தவிர வேறு சிநேகிதன் கிடையாது. இந்த வயதில் புதிதாக ஒருவனைப் பிடித்துப் பழகவும் என்னால் ஆகாது. அவன் ரீலைத் திறந்த என் கைமேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

ரீல் பீரோ மேல் கிடந்தது. ஆயுத பூஜை வந்தது. ஸ்குரூடிரைவர், மீட்டர், ஸ்கூட்டர், அருவாமனை என்று எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பது மனைவியின் வேலை. அந்த வருடம் தூண்டிலோடு ரீலையும் இறக்கி வைத்திருந்தாள். "மீன் புடிக்கிற சாமான சாமிகிட்ட வைக்கிறியே" என்றேன். "அம்புட்டுக்கும் வைக்கிறேன், இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக் கூடாது என்பதால் நானும் தொடவில்லை.

மறுநாள் காலையில் பொரியும் சுண்டலும் கொண்டுபோய் அவன் வீட்டில் கொடுப்பது வழக்கம். அன்றைக்கு லீவு என்று தெரியும். "நீ வீச வேணாம். சும்மா கூட வா" என்று கெஞ்சினேன். என் முகத்துக்காக வந்தான். அவனுடைய தூண்டிலையே எடுத்துப் போயிருந்தேன். பரவைக் கண்மாயில் நான் நூலைக் கோத்துத் தவளையைக் கட்டியதும், என்ன நினைத்தானோ, கையை நீட்டினான்.

வீசினான். தவளை முன்னைப்போல் தூரம் போகவில்லை. இருபது தப்படி தள்ளி, தாமரை இலை ஓரத்தில் விழுந்தது. ரீலைப் பார்த்தேன். நூல் பொங்கவில்லை. மறுபடி வீசினான். சரியாகவே விழுந்தது. ஐந்தாவது வீச்சில் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். விரலுக்கு உணர்ச்சி வந்துவிட்டது என்றே நினைத்தேன், எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் சுண்டல் தின்ன உட்கார்ந்தபோது ரீலை வாங்கி ஸ்பூலைச் சுண்டினேன். விரல் தொடாமலே, கரகரவென்று இரண்டு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. பூஜைக்கு வைத்த சந்தனம். ஓரத்து இடுக்கு வழியாக இறங்கிப் பேரிங்குக்குள் காய்ந்து கிடந்தது.

வேறொரு நாளாக இருந்தால் வீட்டுக்குப் போய் ஆடித் தீர்த்திருப்பேன். அன்றைக்கு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப அத எடுக்காதீங்க" என்றாள். எடுக்காமல் முடியாது, சந்தனம் பேரிங்கைத் தின்றுவிடும். ரீலைப் பிரித்துக் கழுவினேன். பீங்கான் பேரிங்குகளை டப்பாவில் போட்டு, அவனுடைய பழைய பேரிங்குகளை எடுத்து, கெட்டி கிரீஸை அடைத்தேன். கொஞ்சம் வைத்துச் சுண்டிப் பார்ப்பதும், இன்னும் கொஞ்சம் வைப்பதுமாக ஒரு பொழுது போனது. சிக்கியதை ஓட வைத்தே பழகிய கை. நன்றாக ஓடுவதை மந்தமாக்க அது லேசில் சம்மதிக்கவில்லை. வெளியே இருக்கும் பிரேக் திருகை மட்டும் தொடவில்லை. அவன் விட்ட இடத்திலேயே, முழுக்கத் தளர்ந்தே இருந்தது. உள்ளே கிரீஸ் இருப்பது அவனுக்குத் தெரியாது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பி வந்தன. மூன்று மாதம் இப்படிப் போனது. ஒரு காலையில் நடுத்தர விரால் ஒன்றை இழுத்துப் போட்டுவிட்டு, ரீலைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"பேரிங்ல கிரீஸ அடச்சு வச்சிருக்கல்ல?"

"எப்படித் தெரியும்?"

"உணர்ச்சி இல்லாதது வெரலுக்கு. காதுக்கு இருக்குல்ல. நீ புதுசு போட்டப்ப விசிலடிச்சுச்சு. பெறகு ஒரு நா மண்ணு அரைக்கிற மாதிரி கேட்டுச்சு. இப்ப கம்முன்னு போகுது."

"அன்னிக்கு மண்ணு இல்ல, சந்தனம்" என்று நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"இத்தன நாளா தெரிஞ்சும் ஏன் மாப்ள கேக்கல?" என்றேன்.

கட்டைவிரலைச் சட்டையில் துடைத்தான். "கேட்டா, இது போச்சுன்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிறணும்ல."

பிறகு ரீலைக் கழற்றி என் மடியில் வைத்தான்.

"இன்னுங் கொஞ்சம் கிரீஸ் வையி மாப்ள. தவள விழுகும்போது ஸ்பூலு இன்னும் லேசா ஓடுது."